ஏழாவது எதிரி

பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்த ஏட்டு
மோரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:
உங்க பேர்ல ஒரு கேசு நிக்குதும்மா.
எங்கே நிற்கிறது என்றேன்.
கோர்ட்லதான், வேற எங்க.

மஸ்கட்டில் மகளுக்கு இது ஏழாம் மாதம்.
வாடிப்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

நம்பர் என்ன என்றார்கள்.
ஸ்டேஷனில் போட்ட நம்பர் வேறாம்,
கோர்ட்டில் கோப்புக்கு எடுத்த நம்பர் வேறாம்,
பிள்ளைக்கு வீட்டில் ஒரு பேர்
பள்ளிக்கூடத்தில் ஒரு பேர் மாதிரி.
எனக்கு இரண்டும் தெரியாது.
தெரிந்தது இவ்வளவுதான்:
பதினோரு வருஷம் முன்பு, சித்திரை,
அழகர் ஆற்றில் இறங்க நாலு நாள் இருந்தது.
எங்கள் தெருக் குழாயில்
பதினெட்டு நாளாகக் காற்று வந்துகொண்டிருந்தது.

வராந்தாவில் ஒரு கம்ப்யூட்டர்.
மாநிலம், மாவட்டம், நீதிமன்றம், வருஷம் என்று
கதவு கதவாகத் திறந்துகொண்டு போனார்
வக்கீல் குமாஸ்தா சிக்கந்தர்.
கடைசிக் கதவில் என் பெயர் கேட்டது.
பஞ்சவர்ணத்துக்கு வீயா டபிள்யூவா அக்கா?
ஐம்பத்து மூணு வயசில்
இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.
வீ போட்டார். பதிவு இல்லை.
டபிள்யூ போட்டார்.
ஒரு பஞ்சவர்ணம் கிடைத்தாள்:
சாராயம், பத்து லிட்டர், புருஷன் பேர் வேறு.
விட்டுவிட்டார்களா அவளை என்று கேட்டேன்.
அதெல்லாம் நமக்கெதுக்கு என்றார் சிக்கந்தர்.

பழசு இதில் முழுசாக ஏறவில்லையாம்.
வருஷமும் ஸ்டேஷனும் எழுதி
பதிவேட்டில் தேடித் தரச்சொல்லி ஒரு மனு.
எச்சில் தொட்டு ஸ்டாம்பு ஒட்டினேன்.
அடுத்த செவ்வாய் வரச் சொன்னார்கள்.
அந்தச் செவ்வாய் வக்கீல்கள் புறக்கணிப்பு.
அதற்கடுத்த செவ்வாய்
லூர்துமேரி மேடம் பதிவேட்டை விரித்தார்,
எங்கள் வீட்டு வாசற்படி அகலம்.
அவர் விரல் இறங்கிய வழியெல்லாம்
தெரிந்த ஊர்களாக வந்தன:
வரப்பைத் தள்ளி வெட்டிய அண்ணன்,
சேவற்கட்டு ஆறு பேர்,
ராத்திரியில் மணல் லாரி, மறுபடி மணல் லாரி,
மாமியார் மண்டையில் ஆட்டுக்கல் குழவி.

இதோ, என்றார்.
சாலை மறியல். எதிரிகள் பதினோரு பேர்.
ஒன்றாவது எதிரி தனபாக்கியம்.
இரண்டு காசியம்மாள்.
ஏழாவது எதிரி நான்.
யாருக்கு எதிரி என்று எழுதியிருக்கவில்லை.

பத்துப் பேரும் ஒத்துக்கொண்டு
ஆளுக்கு முன்னூறு கட்டி முடித்துவிட்டார்கள்.
ஏழாவது மட்டும்
சம்மன் திரும்பி வந்து, வழக்கைத் தனியாகப் பிரித்து,
நீல மையில் ஒரு வார்த்தை:
தலைமறைவு.

மேடம், என்றேன்,
ஸ்டேஷனுக்கு நேர் எதிரே பள்ளிக்கூடம்.
அங்கேதான் சத்துணவு சமைக்கிறேன்.
தினம் நூற்றிருபது பிள்ளைக்குச் சோறு வடித்துக்கொண்டு
தலைமறைவாக இருந்திருக்கிறேனா?
எஸ்.ஐ. ஒருத்தர் முட்டை கூட வாங்கிப் போனாரே.
லூர்துமேரி மேடம் சிரிப்பை
பதிவேட்டுக்குள் குனிந்து மறைத்தார்.
கதவு எண்ணைத் தப்பா எழுதியிருக்காங்கம்மா.
வாய்தாவுக்கு வந்து நின்னா ஒரே நாள்ல முடியும்.

பிறகு அவரே கடைசிக் கட்டத்தைப் படித்தார்:
கைப்பற்றிய சொத்து, பிளாஸ்டிக் குடம் ஒன்று,
பச்சை, கழுத்தில் வெள்ளைப் பெயிண்டில் ‘த’.
உங்க கேசு முடியலன்னு
இன்னும் அழிக்காம வச்சிருக்காங்க.

அது தனபாக்கியத்தின் குடம்.
லத்தி ஓங்கிய நேரம் என் தலைக்கு மேலே பிடித்தாள்.
போன ஆடியில் அவள் செத்தபோது
நீர்மாலைக்கு
அவர்கள் வீட்டில் ஒரு நல்ல குடம் இல்லை,
பக்கத்து வீட்டில்தான் வாங்கினோம்.

அதை நான் வாங்கிக்கொள்ள முடியுமா?

மேடம் சிக்கந்தரைப் பார்த்தார்.
சிக்கந்தர் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.
அதுக்குத் தனி மனு போடணும் அக்கா.
சரி என்று
முந்தியில் முடிந்திருந்த சில்லறையை அவிழ்த்தேன்.